பொட்டு வைத்த ஆம்ப்ளிஃபையர்

அப்பா ஆம்ப்ளிஃபையர் வாங்கப் போகிறார் என்ற செய்தி எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் இருந்தது. வாங்கிவிட்டார் என்ற செய்திதான் வராமலே இருந்தது.

கல்யாணத்துக்கு முன்பே, கட்டைப் பிரம்மச்சாரியாக இருந்த காலத்தில், அவர் இடுப்புயர ஸ்பீக்கர்கள் இரண்டை வாங்கிவிட்டார். தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு இரு பக்கமும் அவை நின்றன. அவற்றின்மேல் ஒரு சாவிக்கொத்தைக்கூட வைக்கக் கூடாது. ஆனால் அவற்றோடு இணைத்திருந்ததோ, சித்தப்பா வேண்டாமென்று தள்ளிவிட்ட பழைய ஆம்ப்ளிஃபையர். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினால் தோசைக்கல்லாகச் சுட்டு, பாட்டின் நடுவே தானாக அணைந்துவிடும். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாளால் அதற்கு விசிறுவார். "ஸ்பீக்கர் நல்ல ஸ்பீக்கர்தான் பாப்பா. அதைத் தள்ளுறதுக்கு இதுக்குத் தெம்பு பத்தல" என்பார். பாவமாக இருக்கும்.

சிட்டி ஹால் பக்கம் ஒரு கடைத்தொகுதியில் அவர் வழக்கமாகப் போகும் கடை இருந்தது. கடைக்கார அங்கிள் சீனர், வெகு நிதானமானவர். தெரிந்த வாடிக்கையாளருக்கு ஆம்ப்ளிஃபையரை வெள்ளிக்கிழமை கொடுத்தனுப்பி, வீட்டில் கேட்டுப் பார்த்துத் திங்கட்கிழமை முடிவு சொல்லச் சொல்வார். அப்பா எத்தனையோ ஆம்ப்ளிஃபையர்களை அப்படிக் கொண்டுவந்து, துடைத்து, கேட்டு, திருப்பிக் கொடுத்திருக்கிறார். ஒன்றில் குரல் வறண்டிருக்கிறதாம். ஒன்றில் தவில் உப்பலாம். இன்னொன்றில் புல்லாங்குழல் காதைக் குத்துகிறதாம். அப்பாவின் காது அவ்வளவு நுட்பம் என்று பள்ளியில் நான் பெருமையடித்துக்கொள்வேன்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். பலதுறை மருந்தகத்தில் நாள் முழுக்க முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வருகிறவர், வீட்டில் சும்மா இருப்பாரா? "பொண்ணு பாக்கப் போற மாதிரில்ல இருக்கு! வாரா வாரம் போறது, பஜ்ஜி சொஜ்ஜி சாப்புடறது, மூக்கு சரியில்லன்னு வந்துர்றது. ஒண்ணு கட்டுங்க, இல்ல ஆசைய விடுங்க" என்பார். அப்பா சிரித்து மழுப்புவார். என் துணைப்பாட வகுப்பு, வீட்டுத் தவணை என்று எதையாவது முணுமுணுத்துக்கொண்டு பால்கனிப் பக்கம் போய்விடுவார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். ஆயுத பூஜைக்கு முந்திய வெள்ளிக்கிழமை, வாடகை வண்டியில் ஒரு பெரிய பெட்டி வந்து இறங்கியது. உள்ளே வெள்ளி நிற முகப்பும் நடுவில் கனத்த ஒரு திருகும் கொண்ட ஆம்ப்ளிஃபையர். அதைத் தூக்கி வைப்பதற்குள் அப்பாவுக்கு மூச்சு வாங்கிவிட்டது.

இணைக்கும் வேலையில் அவருக்கு நான்தான் கைவிளக்கு. பிளக்கைப் பிடுங்கினாரா என்று இரண்டு தடவை பார்ப்பார். ஸ்பீக்கர் கம்பியின் நுனித் தோலை உரித்து, செம்பு இழைகளைத் திரி திரிப்பதுபோல் முறுக்குவார். சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு. "ஒரு இழை தப்பி அடுத்ததைத் தொட்டாலும் போச்சு, வெளிச்சத்த ஆட்டாத பாப்பா" என்று மூச்சை அடக்கிக்கொண்டு திருகுவார். இரவல் சாமானாயிற்றே, அந்தப் பயம் வேறு.

பிறகு நாதஸ்வரக் கச்சேரி ஒன்றைப் போட்டார். அடேயப்பா! தவில் என் வயிற்றுக்குள் விழுந்தது. நாதஸ்வரம் தொலைக்காட்சிக்கு முன்னால், வெறும் காற்றில், ஆள் நின்று வாசிப்பதுபோல் நின்றது. ஆம்ப்ளிஃபையர் அணையவில்லை. அப்பா விசிறவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு வாயைக் கொஞ்சம் திறந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கண் கலங்கியிருந்தது. அம்மா கரண்டியும் கையுமாகச் சமையலறையிலிருந்து வந்து நின்றார். சத்தத்துக்குத் திட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் அப்பா வழக்கம்போல ஆரம்பித்தார். "நல்லாத்தான் இருக்கு... ஆனா மேல் ஸ்தாயி கொஞ்சம் கூர்மையா இல்ல?" எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை. தலையை ஆட்டிவைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பூஜை. தேக்கா சந்தையிலிருந்து வாங்கிவந்த பொரியும் கடலையும் தட்டில் இருந்தன. என் பள்ளிப் புத்தகங்கள், அப்பாவின் ஸ்க்ரூடிரைவர், மிக்சி, தையல் இயந்திரம் எல்லாவற்றையும் அம்மா வரிசையாக வைத்தார். நான் சுவரில் துளைபோடும் டிரில்லையும் கொண்டுவந்து வைத்தேன். "அது பக்கத்து வீட்டுது, செருப்பு அலமாரி மேல வச்சுட்டு வா" என்றார் அம்மா. வைத்துவிட்டு வந்தேன்.

அப்பா குளித்துவிட்டு வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆம்ப்ளிஃபையரின் வெள்ளி முகப்பில், திருகுக்கு நேர் மேலே, ஐம்பது காசு நாணயத்தின் அகலத்துக்குச் சந்தனம். அதன்மேல் தண்ணீரில் குழைத்த குங்குமம்.

"ஐயையோ, என்னம்மா பண்ணிட்ட!" என்றார் அப்பா.

பூஜைக்கு வந்திருந்த சித்தப்பா தலையில் கைவைத்துக்கொண்டார். "அண்ணி, அது கடைக்காரன் சாமான் அண்ணி! நாளைக்குத் திருப்பிக் குடுக்கணும் லா!"

"எனக்கு என்ன தெரியும்? வீட்ல இருக்குற மிஷினுக்கெல்லாம் வைக்கிறதுதானே" என்றார் அம்மா.

சித்தப்பா ஈரத்துணியோடு ஓடிவந்தார். அம்மா குறுக்கே நின்றுகொண்டார். பூஜையில் வைத்ததை அன்று தொடக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். நல்ல நாளும் அதுவுமாக எதையாவது செய்து வினையை விலைக்கு வாங்காதீர்கள் என்றார். சாமி விஷயத்தில் அப்பா பயந்த சுபாவம். துணியைத் தம்பி கையிலிருந்து அவரே வாங்கி வைத்துவிட்டார். அம்மாவைப் பார்க்க எனக்கு ஒரே பரிதாபமாக இருந்தது. படித்த அம்மா, இது தெரியாமல் போயிற்றே என்று வெட்கமாகவும் இருந்தது.

திங்கட்கிழமை மாலை துடைத்துப் பார்த்தால், சந்தனம் போயிற்று, குங்குமம் போகவில்லை. உலோகத்தில் இளஞ்சிவப்பாய் ஒரு வட்டம் ஊறிக் கிடந்தது. அப்பா என்னையும் அழைத்துக்கொண்டு கடைக்குப் போனார். கடைக்கார அங்கிள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். அப்பா விஷயத்தைச் சொல்லச் சொல்ல, அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. தன் அம்மாகூடப் புதுச் சாமான் வந்தால் சிவப்புத் தாள் ஒட்டாமல் விடமாட்டார் என்றார். "இனி இது உன் வீட்டுச் சாமான் லா" என்று ஆங்கிலத்தில் சொல்லி அப்பாவின் தோளைத் தட்டினார்.

திரும்பும்போது பெட்டியோடு வாடகை வண்டியில் ஏறினோம். மடியில் வைத்திருந்த பெட்டியின்மேல் அப்பாவின் விரல்கள் தட்டிக்கொண்டே வந்தன. கவலையில் தட்டுகிறார் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அது தவில் தாளம்.

கதவைத் திறந்ததும் நெய் மணத்தது. "என்னங்க, திருப்பி எடுத்துக்க மாட்டேன்னுட்டாரா? அடக்கடவுளே" என்றபடி அம்மா கேசரிக் கிண்ணத்தை நீட்டினார். நாங்கள் வருவதற்கு முன்பே கிளறி வைத்திருந்தார்.

அந்த ஆம்ப்ளிஃபையர் இன்றும் தோ பாயோ வீட்டில்தான் பாடுகிறது. சித்தப்பா வரும்போதெல்லாம் அந்தப் பொட்டைக் காட்டி அண்ணியைக் கேலிசெய்வார். அம்மாவும் சேர்ந்து சிரிப்பார். நானும்தான் இத்தனை வருஷமாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

போன ஆயுத பூஜைக்குப் பொங்கோல் வீட்டிலிருந்து கணவரோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அவருடைய மடிக்கணினியை எடுத்துப் பூஜையில் வைத்தேன். அம்மா அதை நகர்த்தி வைத்தார். "அது மாப்பிள்ளையோட ஆபீஸ் சாமான்டி. நம்மளோடது இல்லாததுக்கு என்னைக்காவது நான் பொட்டு வச்சுப் பாத்திருக்கியா?"

பார்த்திருக்கிறேனே என்று சிரித்துக்கொண்டே வாயெடுத்தேன். அப்படியே நிறுத்திக்கொண்டேன். அந்த ஒன்பது வயதில், அம்மா சொல்லி, பக்கத்து வீட்டு டிரில்லைச் செருப்பு அலமாரிமேல் வைத்துவிட்டு வந்தவளே நான்தான்.