எங்கள் துடக்கும் அவளுடைய புத்தாண்டும்

மூன்று வருடங்களுக்கு முன், நான் மொன்றியலுக்கு வந்த முதல் பனிக்காலத்தில் நடந்தது இது. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஓர் அடுக்குமாடியில் நானும் கணவரும் குடியிருந்தோம். அவர் வந்து வருடக்கணக்காகிவிட்டது. அவர் ஸ்பொன்சர் செய்து கூப்பிட்டு வந்த நான்தான் புதிது. புதிதாக வருபவர்களுக்கான பிரெஞ்சு வகுப்புக்குத் தினமும் போய்வந்தேன்.

வகுப்பில் என் பக்கத்துக் கதிரையில் சீனாவிலிருந்து வந்த ஒரு பெண். என் வயதுதான். இருவருடைய பிரெஞ்சும் நொண்டியடித்தது. கையைக் காலை ஆட்டிக் கதைப்போம். அதுவும் சரிவராவிட்டால் கைபேசியின் மொழிபெயர்ப்புக்காரனைக் கூப்பிடுவோம். எப்படியோ சிநேகிதமாகிவிட்டோம். பனிச்சப்பாத்து வாங்க என்னைக் கடைக்குக் கூட்டிப்போனவள் அவள்தான். நான் ஏழு மாதக் கர்ப்பிணி என்பதால், மெட்ரோ படிகளில் என் கையை விடவே மாட்டாள்.

சீனப் புத்தாண்டுக்கு வரச்சொல்லி வெகு நாளுக்கு முன்பே கேட்டுவைத்திருந்தாள். இந்த நாட்டில் அவளுக்கும் கணவனுக்கும் அதுதான் முதல் புத்தாண்டு. உறவென்று ஒருவரும் இல்லை. உள்ளே கறி வைத்து அவிக்கும் அவர்களுடைய கொழுக்கட்டையைச் சேர்ந்து செய்வோம் என்றாள். நானும் தலையாட்டிவிட்டேன்.

புத்தாண்டுக்குச் சில நாட்கள் இருக்கையில், யாழ்ப்பாணத்தில் அப்பா மாரடைப்பால் காலமானார். பிளேன் ஏறக்கூடாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். அம்மாவும் போனில், "வயித்துப்பிள்ளையோட வரவேண்டாம் பிள்ளை. அப்பா இருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்" என்றார்.

செத்தவீட்டைக் கைபேசியில் பார்த்தேன். பார்த்தேன் என்று சொல்வதே பிழை. கர்ப்பிணி பார்க்கக்கூடாதென்று, படம் பிடித்த உறவுக்காரர் அப்பாவின் பக்கம் கமராவைத் திருப்பவே இல்லை. வந்திருந்தவர்களின் முதுகுகளைத்தான் கண்டேன். எனக்கு அழுகைகூட வரவில்லை.

எங்கள் வழக்கத்தில், ஒரு சாவு நடந்தால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடியும்வரை அந்தக் குடும்பத்துக்குத் துடக்கு, அதாவது தீட்டு. கோயிலுக்கோ நல்லகாரியம் நடக்கும் வீட்டுக்கோ போகமாட்டோம். கணவர் இதற்கெல்லாம் மசியாதவர். "இஞ்ச ஆர் துடக்குப் பார்க்கினம்? அந்தப் பிள்ளை பாவம், போட்டு வாரும்" என்றார். நான் பிடித்த பிடியை விடமாட்டேன். அவளுடைய முதல் புத்தாண்டுக்குள் என் வீட்டுச் சாவைக் கொண்டுபோக எனக்கு மனம் வரவில்லை. நல்ல நாளில் சாவுச் செய்தி சொல்வதும் சரியில்லை என்று நினைத்தேன். அதனால் காரணம் எதுவும் எழுதாமல், வர முடியாது என்று மட்டும் அனுப்பிவிட்டுக் கைபேசியை அணைத்துவிட்டேன்.

பிறகு வகுப்புக்குப் போனபோது என் பக்கத்துக் கதிரை காலியாக இருந்தது. அவள் பின்வரிசைக்குப் போயிருந்தாள். நான் சொன்ன பொன்ஜூருக்கு முகம் பாராமலே பதில் சொன்னாள். எனக்குக் கோபமும் வந்தது. என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? ஆனால் கோபத்தைவிடப் பயம்தான் கூட. இந்த ஊரில் எனக்கென்று நானே தேடிக்கொண்ட ஒரே ஆள் அவள்.

ஒருநாள் மத்தியானம், சாப்பாட்டு மேசையில் தன் கைபேசியை என் முன்னால் கொண்டுவந்து வைத்தாள். அது செய்தி வாசிப்பவரைப்போலத் தமிழ் பேசியது. "நீங்கள் மாடும் பன்றியும் உண்பதில்லை என்பதால் கீரையும் முட்டையும் வைத்துச் செய்தேன். உங்களுக்காகப் புதிய பாத்திரம் வாங்கினேன். எங்கள் உணவு உங்களுக்கு அருவருப்பா?"

அப்பா இறந்ததையும், சாவு நடந்த வீட்டார் நல்ல நாளில் பிறர் வாசல் மிதிக்கமாட்டோம் என்பதையும், அவள் வீட்டுக்குக் கெடுதல் வரக்கூடாதென்றுதான் வரவில்லை என்பதையும் தமிழிலேயே சொன்னேன். கைபேசி அதைச் சீனத்தில் சொல்ல, அவள் இன்னொரு தடவையும் போட்டுக் கேட்டாள். வாயைப் பொத்திக்கொண்டாள். தங்கள் ஊரிலும் துக்கவீட்டார் புத்தாண்டுக்கு எந்த வீட்டுக்கும் போவதில்லை என்றாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "உங்கள் வீட்டுக்கு யார் வந்தார்கள்?"

ஒருவரும் வரவில்லை. ஊரில் என்றால் செத்தவீட்டில் அடுப்பு மூட்டமாட்டார்கள். அயல்தான் சாப்பாடு கொண்டுவரும். இங்கே கணவரின் கூட்டாளிகள் போனில் துக்கம் விசாரித்தார்கள். பனிப்புயல், வேலை, ஒருவரையும் குறை சொல்ல முடியாது. கணவர் பாணுக்கு பட்டர் பூசித் தந்தார். அதைத்தான் சாப்பிட்டேன்.

அன்று பின்னேரமே எங்கள் வீட்டு மணி அடித்தது. துவாயில் சுற்றிய பானையோடு அவள் நின்றாள். கூடவே அவள் கணவனும். வாசலிலேயே அவன் மெல்லிய குரலில் அவளிடம் ஏதோ சொன்னான். அவள் தலையை அசைத்துவிட்டு உள்ளே வந்தாள். அப்பாவின் படம் எங்கே என்று கேட்டாள். இருவரும் படத்தின் முன் நின்று குனிந்து வணங்கினார்கள். பிறகு பானையைத் திறந்து, சுடச்சுட அரிசிக் கஞ்சியை வார்த்துத் தந்தாள். முதல் வாய்க் கஞ்சியோடு எனக்கு அழுகை வெடித்தது. ஊர்ச் செத்தவீட்டில் அழுவதுபோல வாய்விட்டு அழுதேன். கோப்பை காலியாகும்வரை அவள் என் பக்கத்தைவிட்டு எழும்பவில்லை.

வெகுநாள் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது: அவர்களுடைய புத்தாண்டு ஒரே நாளில் முடிவதில்லையாம். அவள் கஞ்சியோடு வந்த அன்றும் கொண்டாட்ட நாள்தான். அந்த நாட்களில் துக்கவீட்டுப் பக்கம் தலைகாட்டவே மாட்டார்களாம். அவள் கணவன் வாசலில் சொன்னதும் அதைத்தான். "உனக்குப் பயமாக இருக்கவில்லையா?" என்று கேட்டேன். "பயம்தான். ஆனால் நீ தனியாக இருந்தாயே" என்றாள்.

இப்போதெல்லாம், இங்கே புதிதாக வந்த ஒருவருக்கு ஊரில் சாவு என்று கேள்விப்பட்டால், வரலாமா என்று போனில் கேட்டுக்கொண்டிருப்பதில்லை. சமைத்து எடுத்துக்கொண்டு நேரே போய்விடுகிறேன். அவர்கள் கதவைத் திறக்கும்வரை வெளியே நிற்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், பயந்தபடியே என் துக்கத்துக்குள் காலெடுத்து வைத்தவளை நினைத்துக்கொள்கிறேன்.