அழிக்க அழிக்க அடுத்த படம்

"ஒரு போட்டோ தொறக்கறதுக்குள்ள கல்யாணம் ஆயி, புள்ள பொறந்து, அதுக்குக் காதே குத்திடலாம் போல."

திண்டிவனத்துல ஸ்டுடியோ வச்சிக்கினு ஆல்பம் போடுற அம்மணி, பதினாலு வருசமா பொலம்புனது இதத்தான். மூக்கால, இழுத்து இழுத்து. பொறுக்க முடியாம, அவகிட்ட கேமரா புடிக்கிற சகாய பிரவீன் அந்தப் பழைய கம்ப்யூட்டர்ல ஒரு குட்டி சாஃப்ட்வேர் போட்டு வுட்டான். யாரோ எழுதி ஊருக்கெல்லாம் சும்மா குடுத்தது. படம் காட்டும். டெலீட் அமுக்குனா அழிச்சிட்டு அடுத்தத காட்டும். வேற வேலையே தெரியாது. அப்புறம் படம் பட்டுன்னு தொறந்துது. அம்மணி வாய்தான் மூடல.

ஆவணி முகூர்த்தத்துல கூட்டேரிப்பட்டு மண்டபத்துல சாம்பார் தீந்துபோச்சுன்னு, மாப்பிள்ளையோட தாய்மாமன் சீனுவாசன் சமையல்காரர இரும்புக் கரண்டியால வெளுத்தாரு. பிரவீன் அதப் படம் புடிச்சான். கரண்டி அவன் பக்கம் திரும்புச்சு. தாடை ரெண்டா போயி, வாயக் கம்பி போட்டுக் கட்டி விழுப்புரம் ஆஸ்பத்திரியில கெடந்தான். மேடையில தடுக்கி வுழுந்தான்னு சீனுவாசன் ஸ்டேஷன்ல எழுதிக் குடுத்துட்டாரு. இல்லன்னு சொல்ல பிரவீனுக்கு வாய் இல்ல, படம்தான் இருந்துது; அத அம்மணி கம்ப்யூட்டர்ல ஏத்தி வச்சிருந்தா.

மூணாம் நாள் மத்தியானம் சீனுவாசன் கடப்பாரையோட வந்து ஸ்டுடியோ கண்ணாடிக் கதவ நொறுக்குனாரு. டீக்கடை, செருப்புக்கடை ஆளுங்க வாசல்ல கூடிட்டாங்க. கேமரா கார்ட மிதிச்சே தூளாக்கிட்டு, கம்ப்யூட்டர்ல இருக்கறத என் கண்ணு முன்னாடி அழின்னாரு, தொண்டையில மல்லாட்டைக் கடலத் தோல் சிக்குன கொரல்ல. அம்மணி அசையல. முடியப் புடிச்சி மேசையில மோதுனாரு. புருவம் கிழிஞ்சி ரத்தம் கீபோர்டுல சொட்டுச்சு.

அம்மணி படத்தத் தொறந்தா. திரை முழுக்க சீனுவாசன் மூஞ்சி. அடி வாங்குறப்போ பிரவீன் பட்டன்லேந்து வெரல எடுக்கவே இல்ல. நாப்பத்தோரு படம்.

"அழி."

அழிச்சா. கரண்டி தோளுக்கு மேல வந்துது. அதையும் அழிச்சா, தலைக்கு மேல.

"ஜல்தி அழிடி."

அழிக்க அழிக்கக் கரண்டி எறங்கிக்கினே வந்துது. அவரு அவசரப்படுத்த அவசரப்படுத்த, திரையில அவரே வேகமா அடிச்சாரு. வாசல்ல நின்னவங்க கழுத்த நீட்டித் திரையையே பாத்தாங்க. கடைசிப் படத்துல லென்ஸ் மேல ரத்தம், அதுக்குப் பின்னால அவரு பல்லு. அதுவும் போச்சு.

எல்லாம் காலியான்னு கேட்டாரு. அம்மணி முந்தானையால புருவத்த அமுக்கிக்கினு, அன்னிக்கு அவருகிட்ட கடைசியா சொன்னது இவ்ளோதான்:

"காலிண்ணா, ஒண்ணு வுடாம அழிச்சிட்டேன், ஆனா நீங்க அழி அழின்ன ஒவ்வொண்ணையும் வாசல்ல பதினோரு பேரு வரிசையா பாத்துக்கினு நின்னாங்க, திரும்பிப் பாருங்க, அவங்க கண்ணுலேந்தும் அழிக்கணும்னா ஒரு கடப்பாரை பத்தாது."