கத்திரி வெயிலில் ஒரு கழுத்துக் கம்பளி

பெற்ற தாயை மூன்று வாரம் உளவு பார்த்தவள் நான். அப்போது வயது பத்து. கூலி கிடையாது, ஆர்வத்தின் பேரில் செய்த ஊழியம். தடயங்களை ஜாமெட்ரி பாக்ஸில் காம்பஸுக்குப் பக்கத்தில் பத்திரப்படுத்தியிருந்தேன்: ரோஸ் நிற உல்லன் துணுக்கு ஒன்று, கிளிப்பச்சைத் துணுக்கு ஒன்று. இரவல் வாங்கிப் படித்த துப்பறியும் மாத நாவல்களில் குற்றவாளிகள் எல்லாரும் இப்படித்தான் மாட்டினார்கள்.

குற்றம் இதுதான். கத்திரி வெயில். நீடாமங்கலத்தைச் சுற்றி வயல்கள் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. ஸ்டேஷன் நாய்கள் குழாயடியை விட்டு நகரவில்லை. அந்த வெயிலில் என் அம்மா கம்பளி பின்னினாள்.

நூல் பழசு. அப்பா குவைத்திலிருந்து அனுப்பிய பணத்தில் டிவி வாங்கியதும் அதற்கு ஓர் உறை பின்னினாள். பிறகு என் கைவேலை வகுப்புக்காக ஓர் அன்னப்பறவை. இரண்டிலும் மிஞ்சிய நூல்தான் இது. ஒரு கண்ணி நேராக, அடுத்தது எதிராக, மறுவரிசையில் அதையே மாற்றி. பின்னல் வழவழவென்று வராமல், களத்தில் நெல் பரப்பியதுபோல் பொடிப்பொடியாக மேடு தட்டியிருந்தது. சாண் அகலப் பட்டை. இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்ததும் குழாய். குல்லா என்றால் உச்சியில்லை, ஸ்வெட்டர் என்றால் உடம்பில்லை.

"யாருக்கும்மா?"

"தலையணைக்கு."

தலையணைக்கு யாரும் அளவெடுத்து முடிச்சுப் போட்ட நூலை ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு திரிவதில்லை. தெருவில் அத்தையின் குரல் கேட்டாலே பின்னல், ஊசி, நூல் எல்லாம் உளுந்து டின்னுக்குள் போய்விடும். அப்பாவுக்காக இருக்க வழியே இல்லை. குவைத்தில் ஐம்பது டிகிரி என்று அவரே எழுதியிருந்தார். ஆக, கழுத்துள்ள வேறு எவனோ ஒருவன். அப்பா திரும்பி வரும்போது டிவி இருக்கும், உறை இருக்கும், அம்மா இருக்கமாட்டாள். அப்படியானால் நான் யாரோடு போவது என்று கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு எழுதிப் பார்த்தேன். அம்மா பக்கம்: சாப்பாடு. அப்பா பக்கம்: ஃபாரின் பென்சில். முடிவுக்கு வர முடியாமல் அழுதேன்.

முதல் சந்தேகம் டியூஷன் சார்மேல் விழுந்தது. பன்னிரண்டு மாதமும் மஃப்ளர் சுற்றுகிற மனிதர். வேறென்ன அத்தாட்சி வேண்டும்? ஒருநாள் எனக்கு வகுத்தல் கணக்குக் கொடுத்துவிட்டு, மஃப்ளரைக் கழற்றி வைத்துக் கண்ணயர்ந்தார். அம்மாவின் முடிச்சு நூலை எடுத்து வந்து அவர் கழுத்தில் சுற்றினேன்.

"என்னம்மா பண்றே?"

"எறும்பு சார்."

நூல் நாலு விரற்கடை மிச்சம் தொங்கியது. சார் நிரபராதி. ஆனால் இனிமேல் ஊரில் கழுத்துப் பெருத்த அத்தனை பேரையும் விசாரிக்க வேண்டும். ரைஸ் மில்காரரில் ஆரம்பித்தாலே பட்டியல் நீண்டது.

எனவே கேஸை மேல்கோர்ட்டுக்குக் கொண்டுபோனேன். அத்தை அப்பாவுக்கு அக்கா. "என் தம்பி குவைத்ல சூப்பர்வைசர், ஃபுல் ஏசி ஆபீஸ்" என்று பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம்கூடச் சொல்லாமல் இறங்கமாட்டாள். ஒரு மத்தியானம் அவள் வந்து உட்கார்ந்ததும், உளுந்து டின்னிலிருந்து பொருளை எடுத்துவந்து மடியில் வைத்தேன்.

அத்தை திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒட்டியிருந்த உளுந்தைத் தட்டிவிட்டாள்.

"யாருக்குடிம்மா இது?"

அம்மா என்னைப் பார்த்தாள். அப்படி அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"எனக்குத்தான் அண்ணி. தொண்டைக்கட்டு."

"இந்த வெயில்லயா?"

"வெயில்லதான் கட்டுது."

அதோடு விடாமல் அதை வாங்கித் தலைவழியாகக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். கரண்ட் வேறு இல்லை. அத்தையும் கிளம்புகிற வழியாக இல்லை. ரோஸும் கிளிப்பச்சையுமான அந்த வளையத்தோடு அம்மா காபி போட்டாள், அப்பளம் பொரித்தாள், நாத்து விலையும் ஆள்கூலியும் பேசினாள். வேர்வை காதோரமாக இறங்கி நூலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

"அளவு கொஞ்சம் பெரிசாட்டம் தெரியுதே?"

"தொவைச்சா சுருங்கிடும் அண்ணி."

அத்தை மேற்கொண்டு கேட்கவில்லை. போகும்போது என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு. "அம்மா சாமானை இனிமே நோண்டினே, தோலை உரிச்சுடுவேன்." அம்மாவிடம், "சுக்குத்தண்ணி வச்சுக் குடி" என்றாள். இவ்வளவு லேசாக ஏமாறுகிறாளே என்று எனக்கு அத்தைமேல் இருந்த மரியாதையே போய்விட்டது.

ஐந்து வருஷம் கழித்து அப்பா ஒரேயடியாகத் திரும்பி வந்தார். கொதிக்கிற டம்ளரை வெறும் விரலால் பிடித்தார்; சூடு தெரியவில்லை என்றார். அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. ஆபீசாவது, சூப்பர்வைசராவது. உறைந்த கோழி அடுக்குகிற குளிர்க்கிடங்கில் பெட்டி தூக்கியிருக்கிறார். வெளியே ஐம்பது டிகிரி, உள்ளே ஐஸ். குளிர் முதலில் கழுத்துவழியாகத்தான் இறங்குமாம். பின்னல் மேடும் பள்ளமுமாக இருந்தால் கொஞ்சம் சூடு தங்குமாம். "அக்கா ஊரெல்லாம் பெருமையாகச் சொல்லிவிட்டாள், தெரிந்தால் தாங்கமாட்டாள்" என்று அம்மாவுக்கு மட்டும் தனியாக எழுதியிருக்கிறார்.

அந்த மத்தியானம் ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால் அம்மா தப்பித்திருக்கலாம். மகள் தன்னை என்ன நினைக்கிறாள், நாத்தனார் என்ன நினைப்பாள் என்பது தெரிந்தும் அவள் அதைச் சொல்லவில்லை. பத்து வயதுத் துப்பறிவாளருக்கு இது எட்டவில்லை. நாற்பதில்தான் எட்டியது. எட்டியதும், மெனக்கெட்டு அத்தை வீட்டுக்குப் போய், அம்மா அன்று அவளை எப்படி ஏமாற்றினாள் என்று கொஞ்சம் கர்வத்தோடு விவரித்தேன்.

அத்தை வெற்றிலையை ஓரம் ஒதுக்கிக்கொண்டு சொன்னாள்: "நல்லா ஏமாந்தேன் போ. அவன் எனக்குந்தான் எழுதினான், குளிரு தாங்கலக்கா, அவகிட்ட சொல்லிடாதன்னு. எனக்குப் பின்னல் கின்னல்லாம் எங்க வருது? கும்பகோணத்துல ஒரு குரங்குக் குல்லா வாங்கி அனுப்பிட்டேன்."