டார்ச் சிஸ்டரின் பஞ்சு டப்பா

டப்பாவைத் திறந்ததுமே மூத்தவளுக்கு மூக்கில் வேர்த்துவிட்டது.

அம்மா இறந்து அன்றோடு ஒரு மாதம். சாயங்காலம் நாலு மணிக்குச் சொந்தக்காரர்களும், ஆஸ்பத்திரியில் அம்மாவோடு வேலை பார்த்தவர்களும் வீட்டுக் கூடத்தில் கூடி, ஆளுக்கு நாலு வார்த்தை பேசுவதாக ஏற்பாடு. அதற்கு நல்லதாக ஒரு போட்டோ வேண்டும் என்றுதான் மூத்தவளான மகள் காலையிலேயே வந்து அம்மாவின் பீரோவைக் குடைந்துகொண்டிருந்தாள். சேலைகளுக்கு அடியில் அம்மாவின் டியூட்டி பை கிடந்தது. அதற்குள் முனை மழுங்கிய கத்தரிக்கோல், பழைய டார்ச், ஒரு தகர டப்பா. டப்பாவின் மேலே பஞ்சு. பஞ்சை விலக்கினால் வெள்ளை மாத்திரைகள். கட்டிலில் கொட்டி எண்ணினாள். இருபத்து நாலு இருந்தன.

அது வலி மாத்திரை. கடைசி ஆறு மாதம் நோய் அம்மாவின் எலும்புக்குள் புகுந்துகொண்டபோது, காலை, மதியம், இரவு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தது. அதை வேளாவேளைக்குக் கொடுக்கும் பொறுப்பு தம்பி மனைவியுடையது. அப்படியானால் இந்த இருபத்து நாலும் அம்மாவின் வாய்க்குள் போகாமல் பஞ்சுக்கு அடியில் என்ன செய்கின்றன? மூத்தவளுக்கு வயிறு பற்றி எரிந்தது. நினைத்தது சரியாகப் போய்விட்டது என்று ஒரு பக்கம் திருப்தியாகவும் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

அம்மா யார் என்று தெரியாதவர்களுக்கு இந்த இருபத்து நாலு மாத்திரையின் கனம் புரியாது. முப்பத்து நாலு வருஷம் ஆண்கள் வார்டில் நர்ஸாக இருந்தவள் அவள். மாத்திரையைக் கையில் திணித்துவிட்டு அடுத்த கட்டிலுக்கு ஓடுகிற வேலையெல்லாம் அவளிடம் கிடையாது. “கையில குடுத்தா குடுத்ததாகாது, தொண்டையில எறங்கணும்” என்பாள். தண்ணீர் குடித்தவன் வாயைத் திறக்க வேண்டும், நாக்கைத் தூக்க வேண்டும். இடது கன்னம், வலது கன்னம் என்று டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் நகர்வாள். மீசை முறுக்கிய லாரி டிரைவர் ஒருவன் கடைவாயில் ஒதுக்கியதை விரலால் தோண்டி எடுத்து, “இது என்னப்பா, புதுப் பல்லா?” என்று அவள் கேட்டதை வார்டே ஒரு வாரம் சொல்லிச் சிரித்தது. அவளிடம் யார் பருப்பும் வேகாது. டார்ச் சிஸ்டர் என்று பேர் வந்தது அப்படித்தான். கடைசியில் டாக்டர்களே அப்படிக் கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் பிடித்த கையோடு திட்ட மாட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, “சரி, ஏன் முழுங்கல? சொல்லு” என்பாள். ஒருவனுக்கு வயிறு எரியும், ஒருவனுக்குப் பயம், ஒருவனுக்கு எல்லார் மேலும் கோபம். அத்தனையையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் மறுபடி மாத்திரையை நீட்டுவாள். அப்போது மறுபேச்சு இருக்காது.

வீட்டிலும் அதே ராஜ்ஜியம்தான். கணவன் இறந்தபோது அவளுக்கு முப்பத்தொரு வயது. மகளுக்கு ஒன்பது, மகனுக்கு நாலு. கூடவே மாமனார், மாமியார், படித்துக்கொண்டிருந்த கொழுந்தன். இந்தக் கூட்டத்தை இவள் எப்படிக் கரையேற்றப் போகிறாள் என்று தெருவே உச்சுக் கொட்டியது. அவள் கரையேற்றினாள். படுக்கை விரிப்பின் மூலை மடிப்புக் கலைந்திருந்தால் மாமனாருக்கே பாட்டு விழும். ஞாயிற்றுக்கிழமை மதியம் எல்லாரும் ஒரே மேஜையில் சாப்பிட வேண்டும். அந்த வாரம் எந்த இரண்டு பேர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்களோ அவர்களுக்குப் பக்கத்துப் பக்கத்து நாற்காலி. “நீங்க பேச வேணாம், குழம்புக் கிண்ணத்தை மட்டும் தள்ளுங்க” என்பாள். இரண்டு தரம் கிண்ணம் கை மாறுவதற்குள் பேச்சு வந்துவிடும்.

மூத்தவள் அம்மாவின் டார்ச்சைத்தான் கொண்டு பிறந்தாள், ஸ்டூலை விட்டுவிட்டாள். துணிக் கம்பெனியில் அவளுக்குத் தரம் பார்க்கிற வேலை. ஆயிரம் சட்டையில் விட்டுப்போன ஒரு தையலைக் கண்டுபிடித்துவிடுவாள். தைத்தவள் ஏன் விட்டாள் என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

அம்மா படுக்கையில் விழுந்த பிறகு, சனிக்கிழமைதோறும் மதியம் மூன்று மணிக்கு வந்துவிடுவாள். முதல் சனிக்கிழமை அம்மா நல்ல தூக்கம். ஐந்து மணி வரைக்கும் உட்கார்ந்து பார்த்துவிட்டு, கிளம்புகிற நேரத்தில் அம்மா லேசாகக் கண் திறந்தபோது, “ரெண்டு பஸ் மாறி உன் குறட்டையைக் கேக்கவா வந்தேன்?” என்று விளையாட்டாகச் சொன்னாள். அம்மாவும் சிரித்தாள்.

அதற்குப் பிறகு எந்தச் சனிக்கிழமையும் அம்மா தூங்கவில்லை. சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பழைய கதையெல்லாம் பேசினாள். ஆனால் நெற்றியில் முத்து முத்தாக வியர்வை. கட்டில் கம்பியைப் பிடித்த விரல்கள் வெளுத்துப் போயிருக்கும். “வலிக்குதாம்மா?” என்றால், “அதெல்லாம் ஒண்ணுமில்ல, நீ சொல்லு, உங்க சூப்பர்வைசர் என்ன ஆனான்?” என்பாள்.

மூத்தவள் இதைச் சும்மா விடுகிற ஆளா? சமையலறைக்குப் போய்த் தம்பி மனைவியை மடக்கினாள்.

“மதிய மாத்திரை குடுத்தியா?”

“குடுத்துட்டேன் அண்ணி. ஒரு மணிக்கே.”

“குடுத்தா ஏன் இப்படித் துடிக்கறாங்க?”

“தெரியல அண்ணி. மத்த நாள் இவ்வளவு இல்ல.”

மத்த நாள் இவ்வளவு இல்லையாம்! நான் வருகிற அன்றைக்கு மட்டும் வலி நாள் பார்த்து வருமா? பூனை மாதிரி இருந்துகொண்டு என்னமாய்ப் பேசுகிறாள் என்று மூத்தவள் அன்றைக்கே மனசில் முடிச்சுப் போட்டுக்கொண்டாள். தம்பியிடம் ஜாடையாகச் சொல்லிப் பார்த்தாள். அவன் பஸ் டிரைவர். வளைவில் வண்டியைத் திருப்புவது போலப் பேச்சைத் திருப்பிவிட்டான். அவளுக்குச் சந்தேகம் இன்னும் கூடியது.

இப்போது டப்பா கிடைத்தாயிற்று. கதவுக்குப் பின்னால் ஆணியில் இன்னும் சார்ட் தொங்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் மாதிரியே தனக்கும் ஒன்று வேண்டும் என்று அம்மாவே கோடு போட்டுக்கொடுத்தது. தேதி, வேளை, மாத்திரை கொடுத்ததற்கு நீல மசியில் டிக். ஒரு வேளைகூட விட்டுப்போகவில்லை. விட்டுப்போகாததுதான் மூத்தவளுக்கு எரிச்சலாக இருந்தது. பொய்க் கணக்கு எழுதுகிறவர்கள்தான் இவ்வளவு சுத்தமாக எழுதுவார்கள். சில டிக்குகளைச் சுற்றி மட்டும் சிவப்புப் பென்சிலில் வட்டம் இருந்தது. அது என்ன கண்றாவியோ!

போட்டோவை மறந்துவிட்டாள். ஒரு தாளை எடுத்துக் கூட்டத்தில் பேசுவதற்கு எழுதினாள். எல்லார் முன்னாலும் டப்பாவைக் கவிழ்த்து, நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிடுவது என்று முடிவு செய்தாள். கேட்டால் தம்பி இந்த வாசலை மறுபடி திறக்க மாட்டான். ஞாயிற்றுக்கிழமை மேஜை அன்றோடு முடிந்தது. அது அவளுக்குத் தெரியாமல் இல்லை. முடியட்டும் என்று நினைத்தாள்.

மூன்று மணிக்கு அம்மாவோடு ஒரே வார்டில் முப்பது வருஷம் வேலை பார்த்த சிஸ்டர் வந்தார். மூத்தவள் அவரை நேரே அம்மாவின் அறைக்குக் கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள். தன் பேச்சுக்கு விஷயம் தெரிந்த ஒரு சாட்சி வேண்டும் அவளுக்கு.

“சிஸ்டர், இது வலி மாத்திரைதானே?”

“ஆமா.”

“இந்தச் சிவப்பு வட்டம் என்னது?”

சிஸ்டர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு சார்ட்டைப் பார்த்தார். “வட்டம் போட்டா, அந்த வேளை மாத்திரை உள்ள போகலன்னு அர்த்தம். எங்க வார்டு வழக்கம்.”

மூத்தவள் துள்ளி எழுந்தாள். “பாத்தீங்களா? எனக்குத் தெரியும் சிஸ்டர், ஆரம்பத்துலேர்ந்தே தெரியும். குடுக்காமலே டிக் போட்டிருக்கா.”

“இரு, இரு. குடுக்காதவ, குடுக்கலன்னு தானே எதுக்குடி எழுதி மாட்டுவா? அவளுக்கு இந்த வட்டம் தெரியுமா முதல்ல?” சிஸ்டர் வட்டத்தின் மேல் விரலை வைத்தார். “சிவப்புப் பென்சில் உங்கம்மா தலைமாட்டுல இருக்கும். இது அவ கைதான். வட்டத்தை முடிக்கற எடத்துல சின்னதா வால் விடுவா பாரு. முப்பது வருஷம் பாத்திருக்கேன்.”

பிறகு ஒரு மாத்திரையை எடுத்து ஜன்னல் பக்கம் பிடித்தார்.

“எழுத்து எங்க?”

“என்ன எழுத்து?”

“இந்த மாத்திரையில ரெண்டு எழுத்துப் பொறிச்சிருக்கும். அழிஞ்சிருக்கு. ஓரமெல்லாம் கரைஞ்சிருக்கு. வாய்க்குள்ள போய்த் திரும்பி வந்த மாத்திரை இது. டார்ச் சிஸ்டர் பொண்ணுக்கு இதை நான் சொல்லணுமா?”

மூத்தவள் இன்னொரு மாத்திரையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தாள்; அதிலும் எழுத்து இல்லை. எட்டு வயதில் காய்ச்சல் மாத்திரையைத் துப்பிவிட்டு மாட்டிக்கொண்டபோது, அம்மா அவளுக்கு இதே பாடத்தைத்தான் நடத்தினாள். ஆயிரம் சட்டையில் ஒரு தையலைப் பார்க்கிற கண் காலையிலிருந்து இதைப் பார்க்கவில்லை.

கதவு தட்டப்பட்டது. தம்பி மனைவி இரண்டு தம்ளர் டீயோடு உள்ளே வந்தாள். கட்டிலில் கிடந்த மாத்திரைகளைப் பார்த்தாள்.

“இது எங்க இருந்துச்சு அண்ணி?”

“பஞ்சு டப்பாவுல.”

“அது அத்தை தலைமாட்டுல இருந்த டப்பா. வாய் துடைக்கப் பஞ்சு வேணும்னு வெச்சிருப்பாங்க. நான் திறந்துகூடப் பாக்கல, அப்படியே பையில எடுத்து வெச்சேன்.” அவள் மூத்தவள் பக்கம் திரும்பினாள். “குடுத்துட்டு டார்ச் அடிச்சுப் பாத்தேன் அண்ணி. ரெண்டு கன்னமும் பாப்பேன். சத்தியமா.”

“மேல் ஈறுக்கும் உதட்டுக்கும் நடுவுல வெச்சிருப்பா” என்றார் சிஸ்டர். “எத்தனை பேர்கிட்ட பிடிச்சிருக்கா, அவளுக்குத் தெரியாத எடமா? ஆனா சார்ட்டுல மட்டும் அவளால பொய் சொல்ல முடியல.”

“ஏன் முழுங்கல?”

கேட்டது மூத்தவள்தான். கேட்ட பிறகுதான் அது அம்மாவின் கேள்வி என்று அவளுக்கு உறைத்தது.

“எந்தெந்த நாளுன்னு பாரு” என்றார் சிஸ்டர்.

வட்டம் போட்டவை எல்லாம் மதிய வேளை. எல்லாம் சனிக்கிழமை. அவள் குறட்டையைப் பற்றிப் பேசிவிட்டுப் போன அந்த முதல் வாரத்தில் வட்டம் இல்லை. அடுத்த வாரத்திலிருந்து வரிசையாக இருபத்து நாலு. அந்த மாத்திரை போட்டால் சாயங்காலம் வரைக்கும் ஆளைத் தூக்கத்தில் தள்ளிவிடும். மூன்று மணிக்கு மகள் வருவாள்.

மூத்தவள் தேதிகளின் மேல் விரலை ஓட்டிக்கொண்டே வந்தாள். விரல் ஒரு வட்டத்தில் நின்றது. அந்த வாரம் அவள் வரவில்லை. கம்பெனியில் சரக்கு அனுப்புகிற அவசரம். சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் போன் செய்து சொன்னாள்.

“இந்தச் சனிக்கிழமை நான் வரலையே” என்றாள். “அன்னிக்கு அம்மா என்ன பண்ணாங்க?”

தம்பி மனைவி தயங்கினாள். “ரெண்டரைக்கு என்னைத் தலை சீவிவிடச் சொன்னாங்க. வாசல் பாத்து உக்காத்தி வைன்னாங்க. ஆறு மணி வரைக்கும் உக்காந்திருந்தாங்க அண்ணி.”

மூத்தவள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தம்பி மனைவி டீயைக் கீழே வைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் அவள் முதுகில் கை வைத்தாள். அந்தக் கை அவளை இன்னும் அழ வைத்தது.

நாலு மணிக்குக் கூடத்தில், அம்மாவின் கொழுந்தனான சித்தப்பா, தான் பதினாறு வயதில் மாத்திரையைச் சட்டைப்பையில் ஒளித்து அண்ணியிடம் அகப்பட்ட கதையைச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து மூத்தவள் எழுந்தாள். எழுதிய தாள் அவள் கைக்குள் கசங்கிக் கிடந்தது. அதை விரிக்கவில்லை.

“கடைசி ஆறு மாசம் அம்மாவை இவ பாத்துக்கிட்டா. ஒரு வேளைகூடத் தப்பல. அப்படியும் சனிக்கிழமை சனிக்கிழமை அம்மா வலியில கிடந்தாங்க. அதுக்கு இவதான் காரணம்னு இன்னிக்கு மத்தியானம் வரைக்கும் நினைச்சேன். காரணம் நான். எங்கூட முழிச்சிருந்து பேசணும்னு மாத்திரையை முழுங்காம இருந்திருக்காங்க. நான் வந்து உக்காந்து, இவளைக் குறை சொல்லிட்டுப் போயிட்டிருந்தேன்.”

தம்பி மனைவி தன் பக்கத்து நாற்காலியில் வைத்திருந்த டீத் தட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். மூத்தவள் போய் அங்கே உட்கார்ந்தாள்.