சனிக்குக் கொடுத்த காசில் ஒரு மரணசாதனம்

கொக்குவிலில் இருக்கும் அந்த வீடு பாலேஸ்வரிக்குச் சீதனமாக வந்தது. வீட்டைச் சுற்றிய வளவு, கிணறு, நிரையாய் நிற்கும் கறுத்தக்கொழும்பான் மாமரங்கள் எல்லாம் அவளுடைய அப்பா புகையிலை விற்று வாங்கி அவள் பேருக்கு எழுதியவை. மதிலில் பதித்த பெயர் மட்டும் ‘சீவரத்தினம்’ என்றிருந்தது. கூட்டுறவுச் சங்கக்கடை முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்ற அவளுடைய புருஷன், வந்துபோகிற எல்லோருக்கும் ஒரு விளக்கம் சொல்வார்.

“காணி உறுதி அவளின்ரை பேரிலைதான் கிடக்கு. ஆனா என்ரை கையெழுத்தில்லாமல் ஒரு பிடி மண் அசையாது.”

பொய்யில்லை. யாழ்ப்பாணத்துத் தேசவழமைச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கலியாணம் கட்டிய பெண் தன் சொந்தக் காணியை விற்கவோ கொடுக்கவோ வேண்டுமென்றால் புருஷன் எழுத்தில் சம்மதிக்க வேண்டும். வெள்ளைக்காரன் போனான். சண்டை வந்தது, சனம் மூட்டை கட்டிக்கொண்டு ஓடித் திரும்பி வந்தது, பாதி ஊர் வெளிநாட்டுக்குப் போனது. அந்தச் சட்டத்தை மட்டும் ஒருவரும் இடம்பெயர்க்கவில்லை. பெண் பிள்ளைக்குச் சொத்துக் கொடுக்கிற சமூகம் என்று இங்கே மேடைகளில் பெருமை பேசுவார்கள். கொடுத்த சொத்தைப் பூட்டித் திறக்கும் திறப்பு யாருடைய இடுப்பில் என்று பேசமாட்டார்கள்.

பாலேஸ்வரியின் ஒரே மகள் உதயகலா, குருநகரில் கடல்தொழில் செய்யும் எமில்ராஜை விரும்பிக் கட்டினாள். பொடியன் வேதக்காரன், கிறிஸ்தவன். அன்றைக்கே சீவரத்தினம் கிணற்றடிக்குப் போய், மகள் செத்தாள் என்று தலை முழுகினார். சில வருடம் கழித்து, மாரி மழைக்கு உதயகலாவின் வாடகை வீட்டுக்குள் வெள்ளம் நின்றபோது, பின்வளவில் இரண்டு பரப்புக் காணி கேட்டு அவள் தாய்க்குச் சொல்லியனுப்பினாள். தாய் கொடுக்கத் தயார்.

“குருநகருக்கு என்ரை கையெழுத்துப் போகாது,” என்றார் சீவரத்தினம். “அங்கையிருந்து மீன் வரட்டும். ஆக்கள் வரப்படாது.”

மீன் வந்தது. கொண்டுவந்தவள் மகளின் அயலில் இருக்கும் லூர்த்தம்மா. கேற்றுக்கு வெளியே நின்றுதான் விற்பாள். அவள் தண்ணீர் குடிக்க மதிலின் மேல் ஒரு பிளாஸ்ரிக் கோப்பை கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மீனோடு அவள் செய்தியும் கொண்டுவருவாள்: பேத்திக்குப் பல்லு முளைச்சிட்டுது, பேத்தி பள்ளிக்கூடம் போறாள், பேத்தி உங்களைப்போலத்தான் முறைக்கிறாள். பாலேஸ்வரி அவள் கோப்பையில் தண்ணீர் வார்ப்பாள். வார்க்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒன்று எரிந்தது. அதை அவள் அணையவிடவில்லை.

இந்த வருடம் ஒருநாள் சீவரத்தினம் சொன்னார், “அண்ணையின்ரை பொடியன் சுபாஸ்கரன் ஆவணியிலை கனடாவிலையிருந்து வாறான். வீட்டை அவன்ரை பேருக்கு எழுதுவம். எங்களுக்குக் கொள்ளி வைக்க ஒரு ஆம்பிளை வேணுமல்லோ?”

“ஒரு நெருப்புப்பெட்டிக்கு ஒரு வீடோ?”

“நீ வாயைப் பொத்திக்கொண்டு கையெழுத்தைப் போடு. மிச்சத்தை நான் பாக்கிறன்.”

அந்தக் கிழமைதான் சாத்திரி ஒருவர் அவருக்கு ஏழரைச் சனி என்றும் இருக்கிற இடத்துக்கே ஆபத்து என்றும் சொல்லியிருந்தார். பரிகாரத்துக்கு ஒரு ஹோமம் செய்ய வேண்டும். சீவரத்தினத்துக்கு முழங்கால் நோ. ஐயரிடம் கொடுக்கச் சொல்லி இருபதாயிரம் ரூபாயைப் பாலேஸ்வரியின் கையில் வைத்தார். அவள் பஸ் ஏறினாள். கோயிலடியில் இறங்கவில்லை. யாழ்ப்பாணம் நீதிமன்றத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில், சட்டத்தரணியும், உறுதி எழுதும் நொத்தாரிசுமான பிரசாந்தியின் கதவைத் தட்டினாள்.

“பிள்ளை, நான் கையெழுத்து வைக்காட்டி?”

“வைக்காட்டி ஒருத்தரும் எழுதேலாது அம்மா. ஆனா உங்களுக்குப் பிறகு பாதி அவருக்குப் போகும்.”

“மகளுக்கு இப்பவே எழுதினா?”

“நன்கொடை உறுதியெண்டால் அவர் சம்மதிக்கவேணும்.” பிரசாந்தி பேனையை மூடினாள். “மரணசாதனம், உயில் எண்டால் தேவையில்லை. உங்கடை விருப்பம்.”

“திருப்பிச் சொல்லும்.”

பிரசாந்தி திருப்பிச் சொன்னாள். உயிரோடிருக்கும் பாலேஸ்வரியைச் சட்டம் நம்பவில்லை. செத்த பாலேஸ்வரியை நம்பியது. இந்த ஓட்டை ஒன்று இருப்பதை வீட்டில் ஒருவரும் அவளுக்குச் சொல்லவில்லை. தன் கையெழுத்தையே உலகம் என்று நினைத்த சீவரத்தினத்துக்கும் அது தெரியாது.

“எவ்வளவு காசு முடியும்?”

“பதினையாயிரம். ரண்டு சாட்சி வேணும். ஒண்டுக்கு எங்கடை கிளாக்கர் நிப்பார். மற்றது உங்களை நல்லாத் தெரிஞ்ச ஆளைக் கூட்டியாங்கோ. மகளும் மருமகனும் நிக்கேலாது.”

பாலேஸ்வரி போன் எடுத்தாள். லூர்த்தம்மா சந்தையிலிருந்து அப்படியே வந்து வாசலில் தயங்கி நின்றாள். பாலேஸ்வரி அவளைக் கையில் பிடித்து உள்ளே கூட்டிவந்து தனக்குப் பக்கத்துக் கதிரையில் இருத்தினாள்.

“அக்கா, கை மணக்குது. கடுதாசியும் மணக்கப்போகுது.”

“மணக்கட்டும் லூர்த்து. அவர் அதை மணந்து பாக்கவேணும்.”

வீடும் வளவும் முழுவதும் மகள் உதயகலாவுக்கு. கையெழுத்துகள் விழுந்தன. பிரசாந்தி காசை வாங்கிக்கொண்டு, “இதை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ அம்மா. நீங்கள் கண்ணை மூடினாப் பிறகு வெளியிலை வந்தால் போதும்,” என்றாள்.

திரும்பிவரும் பஸ்ஸில்தான் மரணசாதனத்தின் முழு விலை பாலேஸ்வரிக்கு விளங்கியது. பதினையாயிரம் சின்னக் காசு. அதை வாசிக்கிற நேரம் அந்த மனிசனின் முகம் போகும் போக்கைப் பார்க்க அவள் இருக்கமாட்டாள். அந்த விலையைக் கொடுக்க அவளுக்கு மனம் வரவில்லை.

வீட்டில், அடுப்படித் தட்டிலிருந்த திருநீற்றை வாழையிலைத் துண்டில் மடித்துப் புருஷனிடம் கொடுத்தாள். அவர் நெற்றி நிறையப் பூசிக்கொண்டு, “இப்பவே ஒரு பாரம் குறைஞ்சமாதிரிக் கிடக்கு,” என்றார்.

ஆவணி பிறக்கமுன் உறுதியின் வரைபைக் கொண்டுவந்து சோற்றுக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார்.

“நான் வைக்கமாட்டன்,” என்றாள் பாலேஸ்வரி. “வீடு உதயகலாவுக்கு. மரணசாதனம் எழுதியாச்சு. லூர்த்தம்மா சாட்சி.”

அவர் சிரித்தார். “என்ரை கையெழுத்தில்லாமலோ?”

“அதுக்கு அது தேவையில்லையாம். ஆரிட்டையும் கேளுங்கோ. உங்கடை சனிக்குத் தந்த காசிலைதான் எழுதினது. இருக்கிற இடத்துக்கு ஆபத்தெண்டு சாத்திரி சொன்னவரெல்லே, அந்தாள் கெட்டிக்காரன்.”

அவர் எறிந்த சோற்றுக் கோப்பை சுவரில் பட்டு உடைந்தது. “உவளுக்கு விசர் பிடிச்சிட்டுது!” என்று கத்திக்கொண்டு, நெல்லியடியில் தனக்குத் தெரிந்த பழைய அப்புக்காத்து ஒருவரிடம் சட்டம் கேட்க ஓட்டோ பிடித்துப் போனார். பின்னேரம் திரும்பிவந்தவர் சேர்ட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். முகம் போன போக்கைப் பாலேஸ்வரி எதிரே இருந்து ஆற அமரப் பார்த்தாள்.

கொஞ்ச நேரத்தில் கேட்டார், “உமக்கு இப்ப பிறசர் எவ்வளவு?”

நாற்பத்தைந்து வருடத்தில் அவர் அவளை ‘நீ’யை விட்டு மரியாதையாய் ‘நீர்’ என்றதும் முதல் தடவை, சுகம் விசாரித்ததும் முதல் தடவை. அவள் இருக்கும்வரைதான் தனக்கு அந்தக் கூரை என்ற கணக்கு மனிசனுக்கு ஓடிவிட்டது. அடுத்த நாளிலிருந்து கிளினிக்குக்கு அவரே கூட்டிப்போனார். உப்பைக் குறைக்கச் சொன்னார். முழங்கால் நோவோடு அவரே கிணற்றில் தண்ணீர் அள்ளினார். ஒரு கிழமை கழித்துப் பேனையோடு வந்தார்.

“நான் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்கிறன். பின்வளவிலை ரண்டு பரப்பை உதயகலாவுக்கு எழுதுவம். நீர் அந்த மரணசாதனத்தை மாத்தும்.”

“அவள் ரண்டு பரப்புக் கேட்டது வெள்ளம் வந்த வருசம். இப்ப முழு வளவும் அவளுக்கு. கையெழுத்தை நீங்களே வைச்சிருங்கோ.”

“நீர் போனாப் பிறகு நான் எங்கை போறது?”

“மகளைக் கேளுங்கோ. கேற்றடியிலை நிண்டு கேளுங்கோ. தண்ணி விடாய்ச்சா, மதிலிலை கோப்பை இருக்கு.”

சீவரத்தினம் சாமிப் படத்தின் முன்னால் போய்க் கை கூப்பினார். “நல்லூரானே, இவளுக்கு நீண்ட ஆயுளைக் குடு.”

“அவரைக் கரைச்சல்படுத்தாதேங்கோ,” என்றாள் பாலேஸ்வரி. “தட்டிலை இருக்கிற பிறசர்க் குளிசையை எடுத்துத் தாங்கோ. தண்ணியும் கொண்டுவாங்கோ.”

கொண்டுவந்தார்.