தார்சில் ஒரு கொக்கி

அம்மா இருந்தாள். முக்காலிமேல் ட்ரில்லிங் மெஷினோடு மாமா, அம்மாவின் தம்பி. முக்காலியைப் பிடித்துக்கொண்டு அப்பா. கதவோரம் நாற்காலியில் அக்காவின் மாமியார். அப்புறம் நான். எனக்கு எட்டு வயது.

அக்கா இல்லை. சூலூரில் புருஷன் வீட்டில் இருந்தாள். ஏழு மாசக் கர்ப்பம்.

தொண்ணூற்றைந்தில்தான் கருமத்தம்பட்டியில் ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தார்சு, அதாவது கான்கிரீட் கூரை, போட்டோம். பழைய வீட்டில் விட்டம் இருந்தது, தூளி கட்டலாம். தார்சு போட்டபோது கொக்கி விட மறந்துவிட்டார்கள். தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். ஆனால் அக்காவின் மாமியார், தூளி கட்ட வழியில்லாத வீட்டுக்கு அனுப்ப மாட்டேன் என்றார். அழைக்கப் போன அப்பா தனியாகத் திரும்பினார். அடுத்து அம்மா போனாள். ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், கொக்கி தொங்கும் என்று சொல்லிவிட்டு வந்தாள். அக்காவைப் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை. மறுநாள் கோயமுத்தூர் பஸ் ஏறி ஒரு கொக்கிப் போல்ட்டும், மெஷினில் மாட்டி ஓட்டை போடுகிற பிட்டு ஒன்றும் வாங்கி வந்தாள்.

மாமாவுக்குப் பீளமேட்டில் லேத்துப் பட்டறையில் வேலை. அம்மா வாங்கி வந்த பிட்டை விரலால் தடவிப் பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். தன் பெட்டியிலிருந்து இரும்புக்குப் போடுகிற பிட்டை எடுத்தார். அவரே சாணை பிடித்தது, கத்தி மாதிரி இருந்தது. இரும்புக்குச் செய்கிற மாதிரியே தண்ணீரில் நனைத்து மாட்டினார்.

மெஷின் கத்தியது. கொஞ்ச நேரத்தில் புகை வந்தது. பிட்டின் முனை நீலமாகிவிட்டது. மேலே நகம் பட்ட அளவுக்கு ஒரு கீறல்.

“ஏனுங்க சம்பந்தி, கொக்கி மாட்டறதுக்குள்ள கொழந்த பள்ளிக்கூடம் போயிருமாட்ட இருக்குதுங்க” என்றார் அக்காவின் மாமியார்.

அப்பா மெதுவாகச் சொன்னார். “ஸ்டாண்டுத் தொட்டில் ஒண்ணு வாங்கிப்போடலாம். மூணு மாசந்தானே இருக்கப்போறா.”

அம்மா அவரைப் பார்க்கவில்லை. தான் வாங்கி வந்த பிட்டை மாமாவிடம் நீட்டினாள்.

“இது மொட்டை, அக்கா. இட்லியக்கூட ஓட்டை போடாது.”

“இரும்பைத்தான் அறுக்கோணும். கான்கிரீட்டை இடிச்சுத் தூளாக்கோணும்னு கடைக்காரர் சொன்னாரு. அந்தத் திருகைத் திருப்பு.”

மெஷினில் சுத்தியல் படம் போட்ட திருகு ஒன்று இருந்தது. மாமா அதைத் தொட்டதே இல்லை போலிருக்கிறது. திருப்பினார். மெஷின் சுற்றிக்கொண்டே இடித்தது. வெள்ளைத் தூள் கொட்டியது. கொஞ்சம் ஏறி, கிரீச்சென்று நின்றது.

மாமா முகம் மலர்ந்தது. “கம்பி, அக்கா! இதுக்கு என்ற பிட்டுத்தான் வேணும்.”

“கம்பிய அறுத்துப்போட்டா தார்சு எதுல நிக்கும்? நாலு விரக்கடை தள்ளிப் போடு.”

தள்ளிப் போட்டார். ஏறியது. ஓட்டைக்குள் தூள் இருந்தால் போல்ட்டு பிடிக்காது என்று, சைக்கிள் பம்பால் என்னைக் காற்றடிக்கச் சொன்னாள் அம்மா. அப்பா என்னைத் தூக்கிப் பிடித்தார். வாயெல்லாம் சிமெண்டு. போல்ட்டை அடித்து இறக்கி, நட்டை முறுக்கினார்கள். கொக்கி நின்றது.

அம்மா பழைய சேலையை மடித்துக் கட்டினாள். அப்பாவை உட்காரச் சொன்னாள். அவர் தார்சைப் பார்த்தார். அம்மாவே உட்கார்ந்து காலைத் தூக்கிக்கொண்டாள். போதாதென்று என்னையும் மடிமேல் இழுத்துக்கொண்டாள்.

“கொழந்த மூணு கிலோ இருக்குமுங்களா? இத்தன எதுக்குங்க?” என்றார் மாமியார்.

அம்மா ஆடிக்கொண்டே சொன்னாள். “வளருமுங்க.”

மாமியார் காப்பி குடித்து முடித்தார். வெள்ளிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகச் சொன்னார்.

மாமா வேன் எடுத்துக்கொண்டு போனார். அக்கா ஒரு பையோடு வருவாள் என்று நினைத்திருந்தேன். கல்யாணப் பட்டு வந்தது. பித்தளைக் குடம் வந்தது. தையல் மெஷின் வந்தது. மாமியார் சந்தைக்குப் போயிருந்த நேரத்தில் ஏற்றினார்களாம். பிள்ளை பெற வருகிறவளுக்குக் குடம் எதற்கு என்று கேட்டேன்.

“உள்ள கொண்டுபோய் வையி அம்மணி” என்றாள் அம்மா. அக்கா கொக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எனக்குத் திருவிழா மாதிரி இருந்தது. சுமைகளை எண்ணிக்கொண்டே உள்ளே வைத்தேன்.

ஒன்பது.