வீட்டுக்கு நாலு மதிப்பெண்

வேலப்பன்சாவடியில் படிக்கும் என் மகளுக்குக் கல்லூரியில் ஒரு ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். ஒரு மனிதன் எவ்வளவு நேரம் போனோடு இருக்கிறான், எவ்வளவு நேரம் போன் இல்லாமல் இருக்கிறான், எப்போது அவன் மனசு நன்றாக இருக்கிறது என்று அளக்க வேண்டுமாம். வெளியே ஆள் தேடச் சோம்பல்பட்டு என்னையும் என் மனைவியையும் பிடித்துப் போட்டாள். ஆளுக்கு ஒரு தாள், மணிக்கு ஒரு வரி. போனோடு, போன் இல்லாமல் என்ற இரண்டு கட்டங்களில் ஒன்றில் டிக் அடித்து, பக்கத்தில் மனசுக்குப் பத்துக்கு எத்தனை என்று போட வேண்டும். இப்படி ஒரு வாரம்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்யும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. கேட்டிலேயே போனை வாங்கிக்கொண்டு டோக்கன் கொடுத்துவிடுவார்கள். எட்டு மணி நேரம் நான் சுத்த சன்னியாசி. இந்தப் பரீட்சையில் என்னை யார் ஜெயிக்க முடியும் என்று மிதப்பில் இருந்தேன்.

பொய் எழுதவில்லை. மதியம் ஏழெட்டு டிபன் பாக்ஸைத் திறந்து வைத்து, ஒருவன் மீன் குழம்பில் இன்னொருவன் கை வைத்து, அடித்த கிண்டலில் புரையேறிய நேரத்துக்கு ஒன்பது. சாயங்காலம் கள்ளிக்குப்பத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து சோபாவில் சாய்ந்து ரீல்ஸ் தள்ளிய நேரத்துக்கு நாலு. யோசிக்கவே இல்லை, போட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை மகள் லேப்டாப்பில் கோடு போட்டுக் காட்டினாள். பகலெல்லாம் உச்சியில் இருந்த கோடு, ஆறு மணிக்கு மேம்பாலத்தில் இறங்குகிற மாதிரி சரிந்தது.

"இன்னா நைனா, ஊட்டுக்கு வந்தாலே டல்லாயிடுற?"

மொச்சை உரித்துக்கொண்டிருந்த என் மனைவி நிமிர்ந்தாள். "அப்ப எங்களுக்கு நாலு மார்க்கா?"

"அது போனுக்குப் போட்டது. உனக்கில்ல."

"எனக்கு எத்தினி?"

எனக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தாளைக் கொடுத்துக் குடும்பத்தைப் பிரிக்கப் பார்க்கிறாயா என்று மகள் மேல் பாய்ந்தேன். போனில் சீரியல் பார்க்கிற என் மனைவி என்ன கிழித்திருப்பாள் என்ற எண்ணத்தில், "உங்கம்மா தாளக் காட்டு, பாக்கலாம்" என்றேன்.

பகல் முழுக்க ஒழுங்காக எழுதியிருந்தாள். ஏழு மணியிலிருந்து பத்து மணி வரைதான் காலி. டிக் இல்லை, மதிப்பெண் இல்லை. ஏழு நாளும் அப்படியே. மாட்டிக்கொண்டாள் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

"இத்த ஏன் எழுதல?"

அவள் தலை நிமிராமல் சொன்னாள். "நீ போனப் பாத்துகினு கீற. எப்ப தலையத் தூக்குவ, ஒரு வார்த்த பேசலாம்னு நான் உன்னியப் பாத்துகினு கீறேன். இத்த எந்தக் கட்டத்துல எழுதறதுன்னு தெர்ல. வுட்டுட்டேன்."

மகள் லேப்டாப்பை மெதுவாக மூடினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. போனைச் சோபாவிலேயே போட்டுவிட்டு, போய் மனைவி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஒரு கை மொச்சையை அள்ளிக்கொண்டேன்.

"சரி, சொல்லு."

"இன்னாத்த?"

"இத்தினி நாளா சொல்லணும்னு இருந்தியே, அத்த."

அவள் ஒரு மொச்சையை உரித்துப் போட்டுவிட்டு யோசித்துப் பார்த்தாள்.

"மறந்துபூட்ச்சி" என்றாள்.